அப்பா, நாம எங்கே பார்க் பண்ணினோம்?



இந்த மாதமும் எழுப்புதலைக் குறித்து எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நம் சபைக் குடும்பம் ஒன்றில் நடந்த ஒரு காரியம் மூன்று வாரமாய் என்னை விடவில்லை. பெரிய காரியம் அல்ல, ஒரு ஸ்பீடிங் டிக்கெட். "ஏங்க, இதையெல்லாமா பத்திரிகையில எழுதுவாங்க?" என்று என் மனைவியே கேட்டாள். உபவாசக் கூட்டத்தில் கண்ணீர்விடுகிற நாம் நெடுஞ்சாலையில் எப்படி இருக்கிறோம் என்பதும் எழுப்புதலில் சேருமா சேராதா என்று வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் தம்பி ஒருவர், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த தன் அப்பா அம்மாவை நயாகரா காட்டக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே நியூஜெர்சியிலிருந்து பென்சில்வேனியா வழியாக ஏறி, பிங்ஹாம்டன் தாண்டி, மேற்கே போகிற 17-ம் சாலை. நம்மில் அநேகர் போன வழிதான். மலையும் காடுமாய் ரோடு காலியாகக் கிடக்கும். கால் தானாக அழுத்தும். அங்கே எல்லை 65 மைல். தம்பி போனது 82. மரத்துக்குப் பின்னால் நின்ற நியூயார்க் மாநில ட்ரூப்பர் விளக்கைப் போட்டுவிட்டார்.

பின் சீட்டிலிருந்து அப்பா மெதுவாய்ச் சொன்னாராம்: "ஏதாவது குடுத்து முடிச்சிரப்பா." தம்பிக்கு வியர்த்துவிட்டது. "அப்பா, சும்மா இருங்க. இங்க அப்படிக் குடுத்தா கையில விலங்குதான்." அம்மாவோ கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சத்தமாய் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று ட்ரூப்பர் கேட்டாராம்! சிரிக்கவேண்டாம், நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்த ஜெபம் என்ன ஜெபம் என்று யோசித்தேன். "ஆண்டவரே, இவன் மெதுவாய்ப் போகும்படி செய்யும்" என்ற ஜெபம் அல்ல. "இவனை விட்டுவிடச் செய்யும்" என்கிற ஜெபம். இருபது மைல் முன்னால் அந்த முதலாவது ஜெபத்தை ஒருவரும் ஏறெடுக்கவில்லை.

டிக்கெட்டோடு வீடு வந்த பிறகுதான் யோசனை சொல்லுகிறவர்கள் வந்தார்கள். முதலாவது யோசனை: "அது நியூயார்க், நீங்க நியூஜெர்சி. தூக்கிக் குப்பையில போடுங்க, யார் வந்து கேக்கப் போறா?" யோனாவும் இப்படித்தான் தர்ஷீசுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கினான், எல்லையைத் தாண்டிவிட்டால் சத்தம் கேட்காது என்று நினைத்தான். உலக நியாயத்தின்படியே இது தவறான யோசனை. முன்பெல்லாம் வெளிமாநிலக்காரன் மாட்டினால் அங்கேயே ஜாமீன் தொகை கட்டவேண்டும், இல்லாவிட்டால் நீதிபதி முன்பாகக் கொண்டுபோவார்கள். அந்தத் தொல்லையை நீக்கத்தான் 1977-ம் வருஷத்து ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. 44 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அதில் சேர்ந்திருக்கின்றன. ட்ரூப்பர் ஒரு காகிதத்தைக் கொடுத்து உங்களை வீட்டுக்கு அனுப்புகிறாரே, அது நீங்கள் பதில் சொல்லுவீர்கள் என்கிற நம்பிக்கையின்பேரில்தான். பதில் சொல்லாவிட்டால் உங்கள் சொந்த மாநிலமே லைசென்ஸை நிறுத்திவைக்கும். டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறவன் தன்னை நம்பி விட்டவரின் நம்பிக்கையைக் கிழிக்கிறான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன வரும்? நியூயார்க்கில் எல்லைக்கு மேல் 11 முதல் 30 மைல் வரை போனால் அபராதம் 90 முதல் 300 டாலர். அதன்மேல் மாநிலத்தின் கூடுதல் கட்டணம் வேறு. செய்தி நியூஜெர்சிக்கு வரும்; வெளிமாநிலத்தில் ஓட்டினபடி செய்த குற்றத்துக்கு இங்கே 2 புள்ளி போடுவார்கள். ஒரு வருஷம் ஒழுங்காய் ஓட்டினால் 3 புள்ளி கழிந்துபோகும் என்பதால் அது பெரிதல்ல. இன்ஷூரன்ஸ்தான் பெரிது, அது வருஷக்கணக்கில் கடிக்கும். (குயின்ஸிலுள்ள நம் சகோதரர் ஒருவர் நியூஜெர்சியில் இதே மாதிரி மாட்டினபோது அவருக்கு ஒரு புள்ளியும் ஏறவில்லை. வெளிமாநில ஸ்பீடிங்குக்கு நியூயார்க் தன் ஆட்களுக்குப் புள்ளி போடுவதில்லை. ஒரே தப்பு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கனம், அந்தப் பக்கம் ஒரு கனம். மனுஷருடைய தராசு அப்படி.)

இரண்டாவது யோசனைதான் என்னைத் தூங்கவிடாத யோசனை. அங்குள்ள வக்கீல் ஒருவர் சொன்னார்: "கவலைப்படாதீங்க. முதல் தடவைதானே? குற்றவாளி அல்லன்னு எழுதி அனுப்புங்க. அரசு வக்கீல் பார்க்கிங்குக்கு இறக்கிக் குடுப்பார். அபராதம் கட்டிட்டுப் போயிரலாம். புள்ளி இல்ல, இன்ஷூரன்ஸுக்கும் தெரியாது." பார்க்கிங்குக்கு இறக்குவது என்றால் என்ன? நெடுஞ்சாலையில் பாதையின்மேல் காரை நிறுத்தினேன் என்ற குற்றத்தை ஒப்புக்கொள்வது. 82 மைலில் பறந்தவன், "நான் காரை நிறுத்தினேன், அது தப்பு" என்று சொல்ல, நீதிபதி "சரி" என்று எழுதிக்கொள்வார். நியூயார்க்கின் சின்ன ஊர்க் கோர்ட்டுகளில் நெடுநாளாய் நடந்துவருகிற வழக்கம். சட்டத்துக்கு விரோதமும் அல்ல.

தம்பியும் சம்மதித்துவிட்டார். "குற்றவாளி அல்ல" என்று எழுதி அனுப்பினார். கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது, கூடவே வக்கீல் அனுப்பின தாளும் வந்தது. சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த அந்தத் தாளை ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகன் எடுத்து வாசித்தான். பயணத்தில் அவனும் பின் சீட்டில் தாத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தவன். "அப்பா, நாம எங்கே பார்க் பண்ணினோம்?" என்று கேட்டான்.

தம்பிக்குப் பதில் வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறுதான் அனனியா சப்பீராள் பாடம் எடுத்திருக்கிறார். அன்று இரவு பத்தரை மணிக்கு எனக்குப் போன் பண்ணினார். "பாஸ்டர், இது பொய்யா இல்லையா? நேரா சொல்லுங்க."

என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை. காரணம் உண்டு. 2009-ல் நானும் அதே மாநிலத்தில் ஒரு அடக்க ஆராதனை முடித்துத் திரும்பும்போது பிடிபட்டு, தபால் மூலமாகவே பார்க்கிங்குக்கு ஒப்புக்கொண்டு பணம் கட்டியவன். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, "ஆண்டவர் எனக்கு அதிகாரிகளின் கண்களில் தயவு கிடைக்கச் செய்தார்" என்று சாட்சியும் சொன்னேன். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். நான் எதை ஒப்புக்கொண்டேன் என்பதை மட்டும் அன்று சொல்லவில்லை.

ஆகவே நிதானமாய் யோசிக்கவேண்டியதாயிற்று. முதலாவது, "குற்றவாளி அல்ல" என்று எழுதினது பொய்யா? அது பொய் அல்ல என்றே நினைக்கிறேன். கோர்ட்டின் பாஷையில் அந்த வார்த்தைக்கு "குற்றத்தை நிரூபியுங்கள், என் பக்கத்தையும் கேளுங்கள்" என்றுதான் அர்த்தம். அப்படித்தான் எல்லாரும் புரிந்துகொள்ளுகிறார்கள். பவுல் அப்போஸ்தலன் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சாட்டையடியைத் தடுத்ததையும், இராயனிடம் அபயமிட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். சட்டம் தருகிற உரிமையைக் கேட்பதில் பாவமில்லை.

இதைச் சொன்னவுடன் தம்பி மடக்கினார். கம்ப்யூட்டர்க்காரர் அல்லவா! "அப்படீன்னா பாஸ்டர், பார்க்கிங்கும் கோர்ட் பாஷைதானே? அந்த வீட்டுக்குள்ள அதுக்கு அர்த்தம், குறைச்சுக் குடுத்தோம்ங்கிறதுதான். ஜட்ஜுக்குத் தெரியும், அரசு வக்கீலுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஏமாந்தவன் யாருமில்லாம பொய் எப்படி?"

நல்ல கேள்வி. என்னை ஒரு வாரம் ஆதியாகமத்துக்குள் கொண்டுபோய்விட்ட கேள்வி. 20-ம் அதிகாரத்தில் ஆபிரகாம், சாராளைத் தன் சகோதரி என்று சொல்லுகிறான். பிறகு அபிமெலேக்கு கேட்கும்போது, ஒரே தகப்பனுக்குப் பிறந்தவள்தான், தாய்தான் வேறு என்கிறான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை! சத்தியம் செய்து சொல்லலாம். ஆனாலும் அது ஏமாற்று. கேட்ட ராஜா, இவள் மனைவி அல்ல என்று நம்பினான். நம்பவேண்டும் என்றுதான் அது சொல்லப்பட்டது. அப்படியானால் உண்மையும் பொய்யும் வார்த்தையில் மாத்திரம் இல்லை. கேட்கிறவன் மனதில் எதை வைக்கப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்த அளவுகோலின்படி பார்த்தால் தம்பி சொன்னதுதான் சரி போலிருக்கிறது. அந்த அறைக்குள் ஒருவரும் ஏமாறவில்லை.

ஆனால் அந்த அறைக்கு வெளியே? அந்த வார்த்தை யாருக்காக எழுதப்படுகிறது? அறையில் உள்ள மூன்று பேருக்கும் உண்மை தெரியும், அவர்களுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. வெளியே இருக்கிறவர்களுக்காகத்தான் அது தேவை: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, நம் மாநிலத்தின் வாகன இலாகாவுக்கு. அவர்கள் பதிவைப் பார்க்கும்போது வேகம் தெரியக்கூடாது. அதற்குத்தானே இந்த ஏற்பாடு? நம் சபையில் டிரெய்லர் ஓட்டுகிற சகோதரர் ஒருவர் இருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது என்னைத் திடுக்கிடப்பண்ணிற்று. "ஐயா, எங்களுக்கு அந்தச் சலுகை அவ்வளவு லேசுல கிடையாது. பெரிய வண்டி லைசென்ஸ் வச்சிருக்கிறவன் தண்டனையை எந்த மாநிலமும் மறைக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதி போட்டிருக்கு." விசாரித்தேன், உண்மைதான். அந்த விதியின் தலைப்பிலேயே "மறைத்தல்" என்ற வார்த்தை இருக்கிறது. உயிர்கள் அதிகமாய் ஆபத்திலிருக்கிற இடத்தில், மறைக்கிறதற்கு மறைக்கிறது என்றே அரசாங்கம் பெயர் வைத்துவிட்டது.

இதற்கும் எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத் தெரியாததா? நியூயார்க்கில் பார்க்கிங் என்று இருந்தால் பாதிக்கு மேல் இதுதான் என்று அவர்களும் கணக்குப் போட்டிருக்கலாம். இருக்கலாம். அதனால்தான் இதைத் துணிகரமான பாவம் என்று நான் எழுதவில்லை. நியூஜெர்சியிலேயே இதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது: "பாதுகாப்பில்லாமல் ஓட்டினேன்" என்று ஒப்புக்கொள்ளலாம். முதல் இரண்டு தடவைக்குப் புள்ளி இல்லை, 250 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. அதுவும் குறைப்புத்தான். ஆனால் சொல்லுகிற வார்த்தை உண்மை. 82 மைலில் போனவன் பாதுகாப்பில்லாமல்தான் ஓட்டினான். தம்பி அங்கே மாட்டியிருந்தால், ஒப்புக்கொள் ராஜா என்று அப்போதே சொல்லியிருப்பேன். நிறுத்தாத காரை நிறுத்தினேன் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. இந்த வித்தியாசம் மெல்லிசுதான், தெரிந்தே சொல்லுகிறேன்.

எகிப்து மருத்துவச்சிகளும் ராகாபும் சொன்னதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். பிரியமானவர்களே, அவர்கள் காத்தது குழந்தைகளின் உயிரை, வேவுகாரரின் உயிரை. நாம் காக்கிறது 2 புள்ளி. அந்தப் பாத்திரத்தில் இதை ஊற்றவேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான வாதத்தைச் சொன்னவர் நம் வேத பாட வகுப்பு நடத்துகிற மூத்த சகோதரர். "பாஸ்டர், ரோமர் 4-ம் அதிகாரத்தை எடுங்க. பாவியை நீதிமானா எண்ணுறார் தேவன். நாம செய்யாத நீதியை நம்ம கணக்குல எழுதுறார். அதுவும் பதிவுல உள்ளதை மாத்துறதுதானே? ஆண்டவர் செஞ்சா கிருபை, டவுன் ஜட்ஜ் செஞ்சா பொய்யா?"

நான் வாயடைத்துப் போனேன். இரண்டு நாள் அதே நினைவு. பிறகு சிலுவைக்கு முன்பாக முழங்காலில் இருக்கும்போது ஒன்று விளங்கிற்று. தேவன் நம் குற்றச்சாட்டை மாற்றி எழுதவே இல்லை. விபசாரத்தை "நின்ற இடம் சரியில்லை" என்று குறைக்கவில்லை, கொலையை லேசான பெயராக மாற்றவில்லை. முழுக் குற்றச்சாட்டும் அதன் சொந்தப் பெயரில் வாசிக்கப்பட்டது. முழு விலையும் கட்டப்பட்டது; கட்டினவர் வேறொருவர், அவ்வளவுதான். குற்றத்தைச் சின்னதாக்கி மன்னித்திருந்தால் கல்வாரி எதற்கு? சின்ன அபராதம் போதுமே. கிருபையில் குற்றத்துக்கு அதன் பெயர் இருக்கும், அதற்குப் பிறகுதான் மன்னிப்பு. பார்க்கிங் ஏற்பாட்டில் அந்தப் பெயரே காணாமல் போகிறது.

இதைத் தம்பிக்குச் சொன்னேன். "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்லவில்லை. 2009-ல் அல்லேலூயா வாங்கினவனுக்கு அந்த வாய் எங்கே? அவரும் அவர் மனைவியும் ஜெபித்து, ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் போனார்கள். ஊர் மன்றக் கட்டடத்தில் சாயங்காலக் கோர்ட். அரசு வக்கீல் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருக்க, ஜனங்கள் வரிசையாய் நிற்கிறார்கள். பார்க்கிங், பார்க்கிங், அடுத்தவர், பார்க்கிங். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம்.

தம்பியின் முறை வந்தபோது, "ஐயா, நான் எங்கும் நிறுத்தவில்லை. குறைத்துக் கொடுக்க மனதிருந்தால் உண்மையாயிருக்கிற ஏதாவது ஒன்றாகக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்களாம். (அரசு வக்கீல் ஒரு பெண்.) வேண்டுமானால் 70 மைல் என்று போடலாம் என்றார்கள். அதுவும் உண்மையல்லவே என்றார் தம்பி. பின்னால் நின்றவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டது மகனுக்கே கேட்டதாம். "என்னிடம் இருக்கிறது இவ்வளவுதான். இல்லாவிட்டால் உள்ளபடி ஒப்புக்கொள்ளுங்கள், அல்லது விசாரணைக்கு நாள் வாங்குங்கள்" என்று முடித்துவிட்டார்கள். கோபமாய் அல்ல, வேலை மும்முரத்தில்.

உள்ளபடி ஒப்புக்கொண்டார். நீதிபதி இரண்டு தடவை கேட்டாராம், உங்களுக்கு ஒரு சலுகை சொல்லப்பட்டது தெரியுமா என்று. தெரியும் என்றார். ஏன் என்று கேட்கவில்லை, இவரும் பிரசங்கம் பண்ணவில்லை. அபராதம் 100 டாலர், கூடுதல் கட்டணம் 93. அந்த இடத்திலேயே கட்டி ரசீது வாங்கினார்.

இந்தப் பக்கத்தில் சாட்சிகளை வாசித்துப் பழகின நீங்கள், அடுத்த வரியில் ஒரு அற்புதத்தை எதிர்பார்ப்பீர்கள். இல்லை. கட்டின பணம் வேறு வழியாய்த் திரும்பி வரவில்லை. 2 புள்ளி ஏறிவிட்டது. "நேர்மையா இருந்து என்னத்தக் கண்ட?" என்று வக்கீல் சொன்ன நண்பர் கேட்டாராம். ஊருக்குத் திரும்பிவிட்ட தகப்பனார் போனில், "குடுத்து முடிச்சிருக்கலாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சங்கீதம் 15-ல் தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல்லை மாற்றாதவனைப் பற்றி வாசிக்கிறோமே. அந்த நஷ்டம் இப்படி மாதாமாதம் பில்லாக வரும் என்று நான் யோசித்ததேயில்லை.

டிரெய்லர் சகோதரர் என்னிடம் தனியாக ஒன்று கேட்டார். "எனக்குப் புள்ளி ஏறினா வேலை போயிரும் ஐயா. மூணு பிள்ளைங்க. எனக்கு அந்தப் பார்க்கிங் கிடைச்சிருந்தா எடுத்திருப்பேன். என்னையும் அந்தத் தம்பியையும் ஒரே தராசுல வைப்பீங்களா?" வைக்கமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டால் முழு விடை என்னிடத்தில் இல்லை. வேலை போகிறவனின் பயம் ஆபிரகாமின் பயத்துக்குக் கிட்டத்தில் வருகிறது. தேவன் ஆபிரகாமைக் கைவிட்டுவிடவில்லை, அந்த வார்த்தையைச் சரி என்று சொல்லவுமில்லை. இவ்வளவு தூரந்தான் எனக்குத் தெரிகிறது. இதைக்குறித்து வேறு வெளிச்சம் பெற்றவர்கள் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

நான் 2009-ம் வருஷத்துச் சாட்சியைப் போன ஞாயிறு சபைக்கு முன்பாகத் திருத்திச் சொன்னேன். அன்று வராதவர்களுக்காக இங்கேயும் எழுதிவிட்டேன்.

அன்று ராத்திரி கோர்ட்டிலிருந்து திரும்பும்போது மகன் முன் சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி ஸ்பீடோமீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தானாம். "அப்பா 66, அப்பா 66" என்று வீடு வந்து சேருகிறவரை விடவில்லை. அந்தத் தம்பியின் இன்ஷூரன்ஸ் நவம்பரில் புதுப்பிக்க வருகிறது. குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.